காட்ஸ்வோல்ட் வேயில் குதிகால் எரிச்சலை நிறுத்திய விதம்

ஏப்ரல் கடைசியில் இங்கிலாந்தின் காட்ஸ்வோல்ட் வே என்ற நெடுந்தூர நடைபாதையில் நடக்கப் போனேன். சிப்பிங் கேம்ப்டனிலிருந்து பாத் நகரம் வரை மொத்தம் 164 கிலோமீட்டர். முதல் நாளே விஞ்ச்கோம்ப் வரை கிட்டத்தட்ட 29. காலையில் புல்லெல்லாம் பனி, ஒரு மணி நேரத்தில் காலுறை நனைந்துவிட்டது, குன்றின் மேலுள்ள பிராட்வே டவர் கோபுரத்திலிருந்து பிராட்வே கிராமத்துக்கு இறங்கும் சரிவில் வலது குதிகால் எரிய ஆரம்பித்தது.

அங்கேயே உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன். நாணயம் அளவுக்குச் சிவப்பு, இன்னும் நீர் கோக்கவில்லை. இந்த நேரத்தில் நின்றுவிடுவதுதான் முக்கியம். காலைத் துடைத்துப் பத்து நிமிடம் காற்றில் காயவிட்டேன். அப்புறம் துணி டேப்பை மூலைகளை வட்டமாக வெட்டிச் சுருக்கமில்லாமல் ஒட்டினேன். மூலை கூராக இருந்தால் காலுறையில் மாட்டி உரிந்துவிடும். காய்ந்த காலுறை மாற்றினேன்.

ஆனால் உண்மையான காரணம் ஷூவுக்குள் குதிகால் மேலும் கீழும் நகர்ந்ததுதான். மேலே கடைசி இரண்டு துளைகளிலும் கயிற்றை அதே பக்கமாக விட்டு இருபுறமும் சின்ன வளையம் வைத்து, எதிர்ப்பக்கக் கயிற்றை அதற்குள் நுழைத்து இழுத்துக் கட்டினேன். குதிகால் அசையவே இல்லை!

ஸ்டான்டன் கிராமம் தாண்டி, ஆட்டுக்குட்டிகள் துள்ளும் மேய்ச்சல் நிலங்கள் வழியாக, பாதையைக் காட்டும் ஓக் கொட்டைச் சின்னம் போட்ட கம்பங்களைப் பார்த்துக்கொண்டே நிம்மதியாக நடந்தேன். ஈரக் காலுறை பையில் தொங்கிக் காய்ந்துகொண்டிருந்தது. விஞ்ச்கோம்பில் டேப்பை உரித்துப் பார்த்தபோது கொப்புளம் இல்லை.