கட்டி எந்தச் செல்லின் வழி வந்தது?

புதுச்சேரியில் ஓர் ஆய்வகத்தில் பயாப்ஸி ஸ்லைடு பார்த்து, லிம்போமா (லிம்போசைட் என்ற வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய்) எந்தச் செல்லிலிருந்து வந்தது என்று சொல்கிறேன். புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் முதலில் கட்டியைப் போட்டு அனுப்பும் டப்பாவைப் பற்றித்தான் பேசுவேன். கடலூர் முதுநகரிலிருந்து ஒருவர் தன் அப்பாவின் கழுத்து நெறிக்கட்டியை பஸ்ஸில் கொண்டுவந்தார். மொத்தமும் செல்லைக் கொன்று திசுவைப் பதப்படுத்தும் ஃபார்மலினில் கிடந்தது. ஃப்ளோ சைட்டோமெட்ரிக்கு (செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் ஓடவிட்டு அடையாளம் காணும் சோதனை) உயிருள்ள செல் வேண்டும். அந்த வழி அப்போதே அடைந்துபோயிற்று. கட்டியை எடுத்த உடனே ஒரு துண்டை ஸலைனில் (உப்புநீரில்) தனியாக அனுப்பச் சொல்லிவிடுங்கள். மிச்சத்துக்கு அதைப்போல் 10 மடங்கு ஃபார்மலின்.

ஆன்டிபாடி (குறிப்பிட்ட ஒரு புரதத்தில் ஒட்டி அந்த இடத்தைப் பழுப்பாகக் காட்ட உதவுவது) போடுவதற்கு முன் சாதாரண ஸ்லைடை நிதானமாகப் பாருங்கள். சந்தேகப்படும் செல் பெரியதா, சிறியதா? அப்புறம் சிடி20, சிடி3 என்ற இரண்டு புரதங்களுக்கான ஆன்டிபாடிகளையும் சேர்த்தே போடுங்கள். முதலாவது பி செல்லுக்கு, அடுத்தது டி செல்லுக்கு; இரண்டும் லிம்போசைட் வகைகள். பழுப்பு ஏறியிருந்தால் போதாது, எந்தச் செல்லில் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பி செல் கட்டிக்குள்ளும் சாதுவான டி செல்கள் நிறைய இருக்கும்.

அந்தப் பெரியவரின் ஸ்லைடில் சிறிய செல்கள். சிடி20 இருந்தது, சிடி5-ம் இருந்தது. சிடி5 டி செல்லின் அடையாளம் என்று படித்ததால் இங்கேதான் பலர் தடுமாறுவார்கள். பி செல் கட்டிகளில் முக்கியமாக இரண்டு அதைச் சுமந்து வரும்: சிஎல்எல் (நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய்), மேண்டில் செல் லிம்போமா. பிரிப்பதற்கு சிடி23 போடுங்கள். பெரும்பாலும் முதலாவதில் இருக்கும், இரண்டாவதில் இருக்காது. அதோடு நிறுத்தாதீர்கள். செல்லின் மேற்பரப்பை விட்டு உட்கருவுக்குள் போய் சைக்ளின் டி1 என்ற புரதத்தைப் பாருங்கள்; அது மேண்டில் செல்லின் அடையாளம். அவருக்கு உட்கரு முழுக்கப் பழுப்பு. மேண்டில் செல் என்று எழுதினேன். இரண்டுக்கும் சிகிச்சை வேறு; இங்கே அவசரப்பட்டால் அடிபடுவது அவர்தான்.

பெரிய பி செல்கள் பரவலாக நிறைந்திருக்கும் லிம்போமா (டிஃப்யூஸ் லார்ஜ் பி செல்) என்றால், அது ஜெர்மினல் சென்டரிலிருந்து (நெறிக்கட்டிக்குள் பி செல்கள் பெருகி முதிரும் இடம்) வந்ததா என்று கேட்க வேண்டும். ஹான்ஸ் என்பவரின் ஆய்வுக் குழு 2004-ல் சொன்ன வரிசை எளிது. சிடி10 என்ற புரதம் 30 சதவீதச் செல்களிலாவது இருந்தால் ஆம். இல்லையென்றால் பிசிஎல்6 என்ற புரதத்தைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் அங்கிருந்து வந்ததல்ல. பிசிஎல்6 இருந்தால் மம்1 என்ற இன்னொரு புரதம் தீர்ப்புச் சொல்லும்: மம்1 இருந்தால் இல்லை, இல்லாவிட்டால் ஆம்.

ஏற்கெனவே, சிடி20-ஐக் குறிவைக்கும் மருந்தான ரிடுக்ஸிமாப் வாங்கியவரின் கட்டியில் சிடி20 காணாமல் போயிருக்கலாம். அப்போது பி செல்லின் வேறு அடையாளங்களான சிடி79ஏ, பாக்ஸ்5 போடுங்கள். என்ன மருந்து ஏறியது என்பதை நோயாளியுடன் வந்தவரிடமே கேட்டு விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.