சைலோவில் எவ்வளவு சிமெண்ட் இருக்கு? நாடாவும் குண்டும் வைத்து அளக்கலாம்

போன ஆடியில் தோவாளைப் பக்கம் ஒரு மாடி வார்ப்பு. காலையில் எங்கள் ரெடிமிக்ஸ் சைலோவை, அதாவது சிமெண்ட் கொட்டி வைக்கும் உயரமான தொட்டியை, அளந்து 26 டன் என்று எழுதி வைத்தேன். மதியம் பாதி வார்ப்பில், "அண்ணே, சிமெண்ட் இறங்கல" என்று பையன் கத்தினான். தட்டிப் பார்த்தால் காலி. எட்டு டன் என் நோட்டில் மட்டும்தான் இருந்திருக்கிறது.

முதலில் கணக்கு. நாடா நுனியில் குண்டைக் கட்டி மேலிருந்து சிமெண்ட் மட்டம்வரை இறக்கி, அந்த நீளத்தைச் சைலோவின் உயரத்தில் கழித்தால் சிமெண்டின் உயரம். எங்கள் சைலோவின் விட்டம் 3 மீட்டர். ஒரு மீட்டர் உயரத்துக்கு 7 கன மீட்டர் பிடிக்கும். கன மீட்டருக்கு 1.3 டன் வைத்தால் சுமார் 9 டன். அடிக்கூம்பு 2.5 மீட்டர், அதில் ஏழரை டன். இதைச் சைலோ காலில் பெயிண்டால் எழுதிவிடுங்கள்.

அப்புறம் குண்டு. கொத்தனாரின் தூக்குக்குண்டு வேண்டாம், கூர்முனை சிமெண்டுக்குள் இறங்கிக்கொண்டே போகும். அடி தட்டையான இரும்பு வில்லை நல்லது. முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பாருங்கள். கழன்று விழுந்தால், அடியில் சிமெண்டை வெளியே தள்ளும் ஸ்க்ரூவில் நேரே போய்ச் சிக்கும்.

நான் சறுக்கியது நாடாவை இறக்கும் இடத்தில். மேல்மூடி ஓரத்தில் இருந்ததால் சுவரை ஒட்டியே இறக்கினேன். சிமெண்டோ நடுவில் புனல் மாதிரி குழிந்து, ஓரத்தில் மட்டும் உயரமாக நின்றிருக்கிறது. ஏற்றும்போது இதற்கு நேர்மாறு, நடுவில் குவியும். குவியலோ குழியோ, சராசரி மட்டம் கிடைப்பது சுவரிலிருந்து விட்டத்தில் ஆறில் ஒரு பங்கு உள்ளே. எங்களுக்கு அது அரை மீட்டர். காலியாக இருந்த நாளில் கூரையில் அந்த இடத்தில் மூடி போட்ட குழாய் ஒன்றைப் பற்றவைத்தேன். இப்போது கணக்கு ஒரு டன்னுக்குள் நிற்கிறது.

ஏறும்போது பெல்ட் கட்டாயம். ஆரல்வாய்மொழியில் ஏன் இத்தனை காற்றாலை என்பது ஆனி, ஆடியில் மேலே ஏறினால் புரியும். உள்ளே மட்டும் ஒருநாளும் இறங்காதீர்கள், சிமெண்ட் ஆளை விழுங்கிவிடும்.

ஒலியை அனுப்பி, திரும்பும் எதிரொலியால் மட்டத்தை அளக்கும் மீயொலிக் கருவியும் வாங்கிப் பார்த்தேன். தூசி எதிரொலியைத் தின்றுவிடுகிறது. ரேடார் நல்லதுதான், ஒற்றைச் சைலோவுக்கு விலை கட்டாது. அந்தக் காசில் கூம்புக்கு மேலே ஒரு துடுப்பு ஸ்விட்ச் போடுங்கள். சரக்கு இருக்கும்வரை துடுப்பு சுற்றாது, சுற்றினால் மணி அடிக்கும்.

பிற்சேர்க்கை: சிமெண்ட் ஏற்றிவிட்டுப் பல்கர் (டேங்கர்) லாரி போனதும் அளந்தால் கூடுதலாகக் காட்டுகிறது என்று மார்த்தாண்டத்திலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். சரிதான். காற்றடித்து ஏற்றிய சிமெண்ட் பொங்கிய பால் மாதிரி நிற்கும், அடங்கச் சில மணி நேரம் ஆகும். நான் இரவில் ஏற்றி, விடிந்ததும் டீக்கு முன்னால் அளக்கிறேன்.