முதலில் ஏரி, அப்புறம் மழைக்காடு

கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் எனக்கு ஒரு சின்ன மூக்குக்கண்ணாடிக் கடை. ஞாயிறு விடுமுறை. அந்த ஞாயிறுகளை நம்பித்தான் 16 வருடமாகப் பறவை, விலங்கு பார்க்கப் போய்க்கொண்டிருக்கிறேன். கண் சோதிக்க வருகிறவர்கள் சுவரில் மாட்டியிருக்கும் இருவாச்சி என்ற பெரிய அலகுப் பறவையின் படத்தைப் பார்த்துவிட்டு, "சார், நாங்களும் பிள்ளைங்கள ஒரு தடவ கூட்டிட்டுப் போகணும், எப்படிப் போறது?" என்று கேட்பார்கள். பவர் பார்த்துக்கொண்டே சொல்லி முடிகிற விஷயமில்லை. எழுதிவிட்டேன்.

முதலில் என் லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை நேராக வால்பாறைக்குத்தான் கிளம்பினேன். மச்சான் குடும்பமும் சேர்ந்து வேன் வைத்துக்கொண்டு மூன்று நாளில் ஐந்து இடம். "சுத்தி காடுதான் சார்" என்று போனில் சொன்ன தங்குமிடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்தது. அந்தப் பயணத்தில் பார்த்தது நாட்டுக் குரங்கும் அட்டையும்தான். ஆழியாறிலிருந்து ஏறும் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மச்சான் வாந்தி எடுத்ததை அவர் வீட்டில் இன்னும் பேசுகிறார்கள்.

தப்பு எங்கே என்று பிறகுதான் புரிந்தது. மழைக்காட்டில் எதுவும் எதிரே வந்து நிற்காது. இருட்டு, இலை, எண்பது அடி உயரத்தில் ஏதோ ஒன்று அசையும். பழகாத கண்ணுக்கு அது வெறும் பச்சை. ஏரியில் அப்படியில்லை. பறவை பெரிது, வெட்டவெளி, வெளிச்சம், நின்ற இடத்தில் பத்து நிமிடம் நிற்கும். அதனால் இரண்டு நாள் நம் ஊர் நீர்நிலை, ஒரு ராத்திரி பஸ், மூன்று நாள் மலைக்காடு. இதுதான் என் கணக்கு. இடத்தைக் குறையுங்கள், நேரத்தைக் கூட்டுங்கள்.

எப்போது? நம் பக்கம் அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, புயலும் அதில்தான். தானே புயல் கரையைக் கடந்தது 2011 டிசம்பர் 30. அதனால் வருடக் கடைசியில் முன்பதிவு செய்யாதீர்கள். வால்பாறையில் ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்கு மழை கொட்டும். இரண்டுக்கும் ஒத்துவருவது பொங்கல் கழிந்த ஜனவரி கடைசி. காணும் பொங்கல் அன்று மட்டும் எந்த நீர்நிலைக்கும் போகாதீர்கள்; பறவையை விட பிரியாணிப் பொட்டலம்தான் அதிகம் தெரியும். பிப்ரவரி நடுவிலிருந்து காட்டுத்தீ பயத்தால் வனத்துறை மலையேற்றப் பாதைகளை மூடுவது வழக்கம் என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி என் தொழில். பைனாகுலர் இல்லாமல் போவது பாதிப் பயணம். என் முதல் பைனாகுலர் 20×50. இருபது மடங்கு என்றதும் ஆசைப்பட்டு வாங்கினேன். கை நடுக்கமும் இருபது மடங்கு. குடும்பத்துக்கு 8×42 போதும். எட்டு என்பது பெரிதாக்கும் மடங்கு, 42 என்பது முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 42-ஐ எட்டால் வகுத்தால் ஐந்தே கால். அத்தனை மில்லிமீட்டர் அகலத்துக்கு வெளிச்சம் கண்ணுக்கு வந்து சேரும். பட்டப்பகலில் நம் கண்மணி இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குச் சுருங்கிவிடும் என்பதால் ஏரிக்கரையில் குட்டி 10×25 கூடப் போதும். காட்டு நிழலில் கண்மணி விரியும். அங்கே அந்தக் குட்டியை வைத்துப் பார்த்தால் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பது போலிருக்கும்.

கண்ணாடி போட்டவர்கள் அதைக் கழற்ற வேண்டாம். கண் வைக்கும் இடத்திலுள்ள ரப்பர் வளையத்தை உள்ளே திருகி இறக்கிவிடுங்கள். டப்பாவில் ஐ ரிலீஃப் என்று ஓர் எண் போட்டிருக்கும்; லென்ஸிலிருந்து கண் எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது அது. 16 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால்தான் கண்ணாடியோடு முழு வட்டமும் தெரியும். அப்புறம் வலக்கண்ணை மூடி, எதிர்க்கடை போர்டு எழுத்தை நடுச்சக்கரத்தால் தெளிவாக்குங்கள். இடக்கண்ணை மூடி, அதே எழுத்தை வலப்பக்க வளையத்தால் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனி தொடவே வேண்டாம். இதைச் செய்யாமல் "தலைவலிக்குது, எனக்கு இது ஒத்துக்காது" என்று பைனாகுலரை அலமாரியில் போட்டவர்கள் நிறையப் பேர்.

முதல் நாள் ஊசுட்டேரி அல்லது கழுவேலி. ஊசுட்டேரி பாண்டிச்சேரிக்கு மேற்கே, பாதி புதுச்சேரிக்கும் பாதி விழுப்புரம் மாவட்டத்துக்கும் சொந்தம். பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு அதுதான் சுலபம். எனக்குப் பிடித்தது மரக்காணம் பக்கமுள்ள கழுவேலி. 2021-இல் பறவைகள் சரணாலயம் ஆனது, 2024-இல் ராம்சர் என்ற உலக அளவிலான ஈரநிலப் பட்டியலில் சேர்ந்தது. மழைத்தண்ணீரும் முகத்துவாரம் வழியாக வரும் கடல் தண்ணீரும் கலக்கிற இடம். அங்கே என்ன பறவை என்பதைத் தண்ணீரின் ஆழம்தான் முடிவு செய்யும். நிறைந்து கிடந்தால் வாத்துகளும் கூழைக்கடாவும். வற்ற வற்ற உள்ளான்களும் நாரைகளும் வரும், அதிர்ஷ்டம் இருந்தால் பூநாரையும். கரையில் உட்கார்ந்து ஒரே ஒரு நத்தைகுத்தி நாரையைக் கால்மணி நேரம் பாருங்கள். அலகு முழுக்க மூடாது, நடுவில் இடைவெளி விட்டிருக்கும். தலையைத் தண்ணீருக்குள் விட்டு நத்தையைத் துழாவி எடுத்து, ஓட்டிலிருந்து சதையை உருவி விழுங்கும். திடீரென்று எல்லா வாத்தும் ஒன்றாக எழும்பினால் வாத்தைப் பார்க்காதீர்கள், மேலே பாருங்கள். சேற்றுப் பூனைப்பருந்து வந்திருக்கும். இந்தப் பழக்கம்தான் காட்டில் கைகொடுக்கும்.

இரண்டாம் நாள் பிச்சாவரம், சிதம்பரத்திலிருந்து கிள்ளை வழியாக. வார நாளில், படகுத்துறை திறந்ததும் முதல் படகு. மோட்டார் படகு வேண்டாம், துடுப்புப் படகுதான் குறுகலான வாய்க்காலுக்குள் போகும். என் மகள் ஒரு தடவை கிளையைப் பிடித்து விளையாடினாள். படகுக்காரர் துடுப்பை நிறுத்திவிட்டார். "பாப்பா, கைய உள்ள வையும்மா. அது தில்லை. பால் கண்ணுல தெறிச்சா பார்வையே மங்கிடும்." சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வந்ததே அந்த மரத்தால்தான். தண்ணீர் வற்றியிருக்கும் நேரமாகப் பாருங்கள். சேற்றில் நூற்றுக்கணக்கில் சின்ன நண்டுகள், ஆண் நண்டுக்கு மட்டும் ஒரு கொடுக்கு உடம்பளவு பெரிது, அதை ஆட்டி ஆட்டிக் கூப்பிடும். பக்கத்திலேயே சேற்றின் மேல் துள்ளி நடக்கும் மீன். என் மகளுக்கு அன்று பறவையே ஞாபகமில்லை.

ராத்திரி பஸ்ஸில் கோயம்புத்தூர், அங்கிருந்து பொள்ளாச்சி, அப்புறம் வால்பாறை. வால்பாறைக்குள் போக வேண்டிய இ-பாஸை வீட்டிலேயே எடுத்துவிடுங்கள். வளைவுகளில் தூங்காதீர்கள், பாறை விளிம்பில் வரையாடு நிற்கும். வாந்தி வருகிறவர்கள் முன் சீட்டில், வெறும் வயிற்றில் வேண்டாம், இரண்டு இட்லி போதும்.

வால்பாறை முழுக்கக் காடு என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான். பெரும்பகுதி தேயிலை. நடுநடுவே துண்டு துண்டாக மழைக்காடு, சுற்றி ஆனைமலை புலிகள் காப்பகம். ஆனால் நமக்கு இது வசதி, தார் ரோட்டில் நின்றே பார்க்கலாம். காப்பகத்துக்குள் அனுமதியில்லாமல் காலடி வைக்கக் கூடாது. புதுத்தோட்டம் எஸ்டேட் பக்கம் சிங்கவால் குரங்குகள் ரோட்டைக் கடக்கும். அவை வண்டியில் அடிபடாமலிருக்க மரத்துக்கு மரம் தீயணைப்புக் குழாயால் பாலம் கட்டியிருக்கிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத குரங்கு. அதற்கு முறுக்கு நீட்டுகிறவரைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும்.

இருவாச்சியைத் தேடி அலையாதீர்கள். பழுத்த அத்தியோ ஆலோ எங்கே என்று தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டு, காலை ஆறரைக்கு அதன் எதிரே உட்காருங்கள். முதலில் சத்தம்தான் வரும், பழைய நீராவி இன்ஜின் மூச்சு விடுவது போல. அது இறக்கைச் சத்தம். பெண் பறவை மரப்பொந்துக்குள் போய் வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும்; ஒரு கீறல் வழியாக ஆண் பழம் ஊட்டும். யாராவது கூடு காட்டுகிறேன் என்றால் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு வந்துவிடுங்கள். கீழே ஆள் நின்றால் ஆண் வராது, உள்ளே இருப்பவை பட்டினி. போனில் பறவைக் குரலைப் போட்டு அழைப்பதும் வேண்டாம்.

அட்டைக்குக் காடாத் துணியில் முழங்கால் உயரத்துக்கு உறை தைத்துக்கொண்டோம், நான்கு ஜோடி, எங்கள் தெரு தையல்காரரிடம். கடித்தால் பிடுங்காதீர்கள், நகத்தால் பக்கவாட்டில் தள்ளுங்கள். ரத்தம் கொஞ்ச நேரம் வழியும், அவ்வளவுதான்.

பயப்பட வேண்டியது யானைக்கு. இருட்டிய பின் தேயிலைப் பாதையில் நடக்கவே கூடாது. யானை பக்கத்தில் இருந்தால் எச்சரிக்க அங்கங்கே சிவப்பு விளக்கு வைத்திருக்கிறார்கள். அது எரிந்தால் அறைக்குள் போய்விடுங்கள். மச்சான் "சும்மா எட்டிப் பாத்துட்டு வரேன்" என்றார். அக்கா ஒரு பார்வை பார்த்தாள், உட்கார்ந்துவிட்டார்.

ஊர் திரும்பியதும் பைனாகுலரைச் சட்டை நுனியால் துடைக்காதீர்கள். கழுவேலியின் உப்பும் மணலும் லென்ஸ் பூச்சைக் கீறிவிடும். முதலில் ஊதுபந்தால் தூசியைத் தள்ளி, அப்புறம்தான் துணி. நம் ஊர் ஈரக்காற்றில் பூஞ்சை பிடிக்காமலிருக்க சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். துடைக்கும் துணி என் கடையில் கிடைக்கும். கண்ணாடி வாங்காதவர்களுக்கும் சும்மாவே தருகிறேன்.