மீன் கோழையிலிருந்து லைசோசைம் நொதியைப் பிரித்து ஆராயும் முறை

மீன் தோலின் வழவழப்பான கோழையில் பாக்டீரியாக்களை எதிர்க்கும் பொருள்கள் பல உள்ளன. அவற்றுள் லைசோசைம் என்னும் நொதி, பாக்டீரியாச் செல்சுவரின் பீட்டா-1,4 பிணைப்பை அறுத்து அதனைச் சிதைக்கிறது.

விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்றபின், மீனை ஒரு நாள் இரையின்றி வைத்து, மயக்கமருந்து கலந்த நீரில் இட்டு, முதுகுப்புறக் கோழையை மட்டும் மழுங்கிய கரண்டியால் மெல்ல வழித்தெடுக்க வேண்டும். வயிற்றுப்புறத்தில் கழிவு கலந்துவிடும். தோல் கீறிக் குருதி கசிந்த மாதிரியைத் தயங்காமல் விலக்கிவிடுவதே நல்லது; குருதிநீரிலும் லைசோசைம் இருப்பதால், அளப்பது எதனுடையது என்று பின்னர் பிரித்தறிய இயலாது.

கோழையைப் பனிக்கட்டியில் வைத்தபடியே அமில-காரத் தன்மையை மாறாமல் வைக்கும் பாஸ்பேட் தாங்கல் கரைசலுடன் கலந்து, 4 டிகிரி செல்சியஸில் மையவிலக்கிச் சுழற்றி, மேலே தெளிந்த நீர்மத்தை எடுத்துக்கொள்ளவும். அதில் அமோனியம் சல்பேட்டைச் சிறிது சிறிதாகச் சேர்த்துப் புரதங்களை வீழ்படிவாக்கி, அந்த வீழ்படிவைக் கரைத்து, டயாலிசிஸ் செய்து, அதாவது நுண்துளைச் சவ்வுப் பையில் இட்டுத் தாங்கல் கரைசலில் ஊறவைத்து, உப்பை நீக்க வேண்டும். இங்குதான் பலர் நொதியை இழக்கிறார்கள்: லைசோசைமின் சி, ஜி என்னும் வகைகளுள் சி வகை ஏறத்தாழ 14,000 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) எடையே உடையது என்பதால், 12,000 முதல் 14,000 டால்டன் வரம்புள்ள பை அதை நழுவவிடக்கூடும், 3,500 டால்டன் வரம்புள்ள பையே பாதுகாப்பானது. அடுத்து, இந்நொதி பெரும்பாலும் காரத்தன்மை கொண்டிருப்பதால், நேர்மின்னேற்றமுள்ள புரதங்களைப் பிடித்துவைக்கும் நேரயனிப் பரிமாற்றப் பத்தியில் ஏற்றி, உப்புச் செறிவைப் படிப்படியாகக் கூட்டி வெளிக்கொணரலாம். ஒவ்வொரு கட்டத்திலும் சிறிது மாதிரியை எடுத்து வைக்கவும்.

செயல்திறனை அளக்க, மைக்ரோகாக்கஸ் என்னும் பாக்டீரியாவின் உலர்த்திய செல்களின் கலங்கலான கரைசலில் மாதிரியைச் சேர்த்து, 450 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் குறைவதைக் கவனிக்க வேண்டும், நிமிடத்துக்கு 0.001 குறைந்தால் அது ஓர் அலகு. கோழிமுட்டை லைசோசைமையும் வெறும் தாங்கல் கரைசலையும் உடன் வைத்து ஒப்பிடவும். ஒரு மில்லிகிராம் புரதத்துக்கான அலகுகள் கட்டத்துக்குக் கட்டம் உயராவிட்டால், தூய்மையாக்கம் நடைபெறவில்லை என்றே கொள்ள வேண்டும்.

அகார் தட்டில் தெளிந்த வளையம் தோன்றினாலும் அது நொதியின் வேலை என்று முடிவுகட்டலாகாது. கோழையிலுள்ள சிறு பெப்டைடுகளும் உயிருள்ள பாக்டீரியாக்களைத் தடுத்து அத்தகைய வளையத்தை உண்டாக்கும். கொதிக்கவைத்துச் சோதிப்பதும் போதாது. அமிலச் சூழலில் லைசோசைமே வெப்பத்தைத் தாங்கும் இயல்புடையது. நம்பத்தக்க வழி, மைக்ரோகாக்கஸ் செல்களைக் கலந்து வார்த்த ஜெல்லில் புரதங்களைச் சோப்புப்பொருளுடன் மின்புலத்தில் எடைவாரியாகப் பிரியுமாறு ஓட்டி, அவை மீண்டும் மடிந்து செயல்படுமாறு அச்சோப்புப்பொருளைக் கழுவி நீக்குவதாகும். கலங்கிய ஜெல்லில் தெளிந்த பட்டை 14,000 டால்டனை ஒட்டி வந்தால் சி வகை என்றும், 20,000 டால்டனை ஒட்டி வந்தால் ஜி வகை என்றும் கருதி, அப்பட்டையை வெட்டியெடுத்து, புரதத்தை அடையாளங்காண நிறை நிறமாலையியலுக்கு அனுப்பலாம்.