நீலகிரியில் காலி பாட்டிலுக்கு 10 ரூபாய்

ஊட்டி, குன்னூர் டாஸ்மாக்கில் பீரோ ஒயினோ வாங்கினால் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாகக் கேட்பார்கள். தகராறு பண்ண வேண்டாம். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பணம் அப்படியே கைக்கு வந்துவிடும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2022 மே மாதம் தமிழ்நாட்டிலேயே முதலில் நீலகிரியில்தான் இந்தத் திட்டம் வந்தது. காட்டோரம் உடைத்துப் போட்ட கண்ணாடி யானையின் பாதத்தில் ஏறினால், புண் சீழ் வைத்து அது நடக்கவே முடியாமல் போய்விடும். பாவம், வாயில்லா ஜீவன்! அதனால் 10 ரூபாய் பெரிதில்லை என்பவர்களும் பாட்டிலைத் தயவுசெய்து திருப்பிக் கொடுங்கள்.

பாட்டிலில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைச் சுரண்டாதீர்கள். வாங்கிய கடையிலேயே கொடுத்தால் பேச்சு மிச்சம். அப்புறம், கடை பகல் 12 மணிக்குத்தான் திறக்கும். காலையிலேயே மலையிறங்குகிறவர்கள் முந்தைய நாள் மாலையே கொடுத்துவிடுங்கள்.