தைராய்டு எலாஸ்டோகிராபி: கை அழுத்தினால் கணக்கு மாறிவிடும்

தைராய்டில் வரும் புற்றுக்கட்டி பெரும்பாலும் கெட்டியாக இருக்கும். அந்தக் கெட்டித்தன்மையை ஸ்கேனிலேயே பார்த்துவிடலாம் என்பதுதான் எலாஸ்டோகிராபி. ஆனால் திரையில் வரும் நிறத்திலும் எண்ணிலும் கட்டியோடு ஸ்கேன் எடுப்பவரின் கையும் சேர்ந்தே பதிவாகிறது.

அதிகம் நடக்கும் தவறு, கழுத்தில் வைத்துப் பார்க்கும் ஸ்கேன் கருவியான ப்ரோபை அழுத்துவது. தைராய்டு தோலுக்கு மிக அருகில் இருக்கிறது, பின்னால் மூச்சுக்குழாய். கொஞ்சம் அழுத்தினாலே கட்டி நசுங்கி, உள்ளதைவிடக் கெட்டியாகத் தெரியும். ஒன்றுமில்லாத கட்டிக்கும் சந்தேக முத்திரை விழும். ஜெல்லைத் தாராளமாகப் போட்டு, தோலைத் தொட்டும் தொடாமலும் பிடியுங்கள். திசுவுக்குள் பரவும் அலையின் வேகத்தை வைத்துக் கெட்டித்தன்மையைக் கணிப்பது ஷியர் வேவ் முறை. அதில் நிறம் ஒரு நிலைக்கு வரச் சில நொடிகள் ஆகும். அதுவரை கை அசையக்கூடாது. "எச்சில் விழுங்காதீங்க, கொஞ்சம் மூச்சை நிறுத்துங்க" என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது.

பக்கத்தில் துடிக்கும் கரோட்டிட் ரத்தக்குழாயும் படத்தைக் கெடுக்கும். குறுக்குவாட்டில் எடுப்பதைவிட நெடுக்குவாட்டில் எடுத்தால் அதன் தொல்லை குறையும்.

அப்புறம் கட்டியின் உள்ளே இருப்பது. சுண்ணாம்பு படிந்த இடம் எப்படியும் கெட்டியாகத்தான் காட்டும். நீர் உள்ள பகுதியில் ஷியர் அலை செல்லவே செல்லாது. இரண்டையும் விட்டு, திடமான பகுதியில் மட்டும் அளக்க வேண்டும்.

லேசான அசைவில் திசு எவ்வளவு நசுங்குகிறது என்று பார்ப்பது ஸ்ட்ரெயின் முறை. அதில் கட்டியைப் பக்கத்துத் திசுவோடு ஒப்பிடுகிறோம். உடலின் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் ஹாஷிமோட்டோ தைராய்டிடிஸ் உள்ளவருக்கு அந்தப் பக்கத்துத் திசுவே கெட்டிப்பட்டிருக்கலாம். விகிதம் குறைந்து, ஆபத்தான கட்டியும் சாதுவாகத் தெரியும். இதைப் பலர் கவனிப்பதில்லை.

ஒரு கருவியில் சிவப்பு கெட்டி, இன்னொன்றில் நீலம் கெட்டி. நிற அளவுகோலைப் பார்க்காமல் படிக்காதீர்கள். ஷியர் அலைக்கு நொடிக்கு 3 மீட்டர் வேகம் என்பதும், கெட்டித்தன்மை 27 கிலோபாஸ்கல் என்பதும் ஒரே அளவுதான். அலகு எழுதாத ரிப்போர்ட்டால் பயனில்லை. கட்டி சந்தேகத்துக்குரியதா என்று பிரிக்க ஒரு கருவிக்குச் சொன்ன எல்லை எண் மற்றொன்றுக்குப் பொருந்தாது.

எனக்குப் பெரிய கவலை, "மென்மையாக இருக்கிறது, விட்டுவிடலாம்" என்ற முடிவு. ஃபாலிகுலர் வகைப் புற்று மென்மையாகவே இருக்கக்கூடும். சாதாரண அல்ட்ராசவுண்ட் படத்தில் சந்தேகம் இருந்து, கட்டியின் அளவும் அதற்கேற்றபடி இருந்தால், எலாஸ்டோகிராபி என்ன சொன்னாலும் ஊசிப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.