தீவிரப் பயிற்சி வகுப்புக்கு முதன்முறை செல்வோருக்கு

அமெரிக்காவின் புறநகர் வணிக வளாகங்களில், மளிகைக் கடைக்கும் சலூனுக்கும் இடையே, சிறிய ஃபிட்னஸ் ஸ்டூடியோ ஒன்றை இப்போது எளிதில் காணலாம். நினைத்த நேரத்தில் போய் விருப்பப்பட்ட இயந்திரத்தில் ஏறும் ஜிம் அன்று இது. முன்பதிவு செய்த நேரத்தில், பயிற்றுநர் ஒருவர் மைக்கில் சொல்லச் சொல்ல, அறையிலுள்ள அனைவரும் ஒன்றாகப் பயிற்சி செய்வர். மேற்கு ஹாலிவுட்டில் 1998-இல் தோன்றிய பேரிஸ், ஆஸ்திரேலியாவில் பிறந்த எஃப்45, புளோரிடாவின் ஃபோர்ட் லாடர்டேலில் 2010-இல் தொடங்கிய ஆரஞ்ச்தியரி ஆகியவை இவ்வகையில் பெயர்பெற்றவை. இங்கே ஆரஞ்ச்தியரி வகுப்பையே எடுத்துக்கொள்கிறேன். ஒவ்வொருவரின் இதயத்துடிப்பையும் திரையில் காட்டி நடத்தும் அதன் முறை, புதிதாக வருபவருக்கு மிகவும் உதவக்கூடியது என்பது என் கருத்து. பக்கத்தில் ஓடுபவரின் வேகத்தையோ பாட்டின் தாளத்தையோ பார்த்து ஓடாமல், உங்கள் இதயத்துடிப்பைப் பார்த்து ஓடுவதற்கு அது வழிசெய்கிறது.

சேர்வதற்கு முன் உடல்நிலையைப் பற்றித் தெளிவாக இருக்க வேண்டும். தெற்காசியர்களுக்கு மாரடைப்பு மற்றவர்களைவிட இளம் வயதிலேயே வருகிறது என்பதால், நாற்பதைக் கடந்தவர்களும், சர்க்கரை நோயோ இரத்த அழுத்தமோ உள்ளவர்களும், குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தவர்களும் மருத்துவரைக் கேட்காமல் முதல் வகுப்பை முன்பதிவு செய்யக் கூடாது. மெட்டோபுரோலால், அட்டெனலால் போன்ற மாத்திரைகள் இதயத்துடிப்பை உயரவிடாமல் தடுப்பவை. அவற்றை உட்கொள்பவருக்குத் திரையில் தெரியும் எண் உண்மையான உழைப்பைக் காட்டாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள் பயிற்சியின்போது சர்க்கரை இறங்கக்கூடும் என்பதால், முன்பும் பின்பும் அளவைச் சோதிப்பதோடு, குளுக்கோஸ் மாத்திரையையும் கைவசம் வைத்திருக்க வேண்டும்.

முதல் நாள் அரை மணி நேரம் முன்னதாகவே சென்றுவிடுங்கள். இயந்திரங்களைக் காட்டவும், துடிப்பை அளக்கும் பட்டையை அணிவிக்கவும், உங்கள் மூட்டுவலி, முதுகுவலி ஆகியவற்றைக் கேட்டறியவும் பயிற்றுநருக்கு அந்த நேரம் தேவை. பழைய காயம் எதுவாயினும் அப்போதே சொல்லிவிட்டால், அதற்கேற்ற மாற்றுப் பயிற்சியை அவரே தருவார். இசை தொடங்கியபின் சொல்வது கடினம். முழுச் சாப்பாட்டுக்கும் வகுப்புக்கும் இடையே இரண்டு முதல் மூன்று மணி நேரமாவது இருக்கட்டும். விடியற்காலை வகுப்பென்றால் ஒரு வாழைப்பழமும் தண்ணீரும் போதுமானவை. மார்பில் கட்டும் பட்டையாக இருந்தால், உட்புறத்தைச் சிறிது நனைத்துவிட்டுக் கட்டுங்கள். உலர்ந்த தோலில் எண் தாறுமாறாகத் தாவும்.

வகுப்பு பெரும்பாலும் ஒரு மணி நேரம் நடக்கும். ட்ரெட்மில், துடுப்புப் போடும் ரோயிங் இயந்திரம், தரையில் டம்பெல் கொண்டு செய்யும் பயிற்சி என மூன்று பகுதிகளுக்குள் அனைவரும் மாறிக்கொண்டே இருப்பர். திரையில் உங்கள் பெயருக்குக் கீழே, அதிகபட்சத் துடிப்பில் எத்தனை விழுக்காட்டில் இருக்கிறீர்கள் என்பது நிறத்தோடு தெரியும். 50 முதல் 60 வரை சாம்பல், 61 முதல் 70 வரை நீலம், 71 முதல் 83 வரை பச்சை, 84 முதல் 91 வரை ஆரஞ்சு, அதற்கு மேல் சிவப்பு. ஆரஞ்சும் சிவப்பும் சேர்ந்து 12 நிமிடங்களாவது வர வேண்டும் என்பது ஸ்டூடியோவின் இலக்கு. முதல் வகுப்பில் அந்த இலக்கை மறந்துவிடுங்கள். நேரத்தின் பெரும்பகுதியைப் பச்சையில் கழித்து, இடையிடையே ஆரஞ்சைத் தொட்டு, மறுபடி பச்சைக்கு இறங்க முடிகிறதா என்று பார்ப்பதே போதும்.

அந்த அதிகபட்சத் துடிப்பு தொடக்கத்தில் வயதை வைத்துப் போடப்படும் கணக்குதான். 220-இலிருந்து வயதைக் கழிப்பது பழைய வழக்கம், வயதை 0.7-ஆல் பெருக்கி 208-இலிருந்து கழிப்பது பிந்தைய ஆய்வு தந்த சூத்திரம். 40 வயதில் இரண்டுமே 180 என்று வரும், 60 வயதிலோ 160, 166 என்று பிரிந்துவிடும். இவை சராசரிகள் மட்டுமே. ஒரே வயதுடைய இருவரிடையே பத்துத் துடிப்புக்கு மேலும் வேறுபாடு இருப்பது இயல்பு. ஆகவே பேச்சையும் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: பச்சையில் இருக்கும்போது ஒரு சிறு வாக்கியம் பேச முடிய வேண்டும், ஆரஞ்சில் இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் வராது. திரை பச்சை என்று சொல்லியும் பேச மூச்சு வரவில்லையென்றால், மூச்சையே நம்புங்கள்.

ட்ரெட்மில்லில் பயிற்றுநர் மூன்று நிலைகளைச் சொல்லி அழைப்பார்: நீண்ட நேரம் தாங்கக்கூடிய ‘பேஸ்’, கடினமான ‘புஷ்’, முழு வலிமையும் வேண்டும் ‘ஆல் அவுட்’. இவற்றை ஓடித்தான் எட்ட வேண்டும் என்பதில்லை. வேகத்தை ஏறத்தாழ ஒரே அளவில் வைத்துக்கொண்டு, ஏற்றத்தை மட்டும் கூட்டிக்கொண்டு நடப்பவர்களுக்கும் தனி அளவு உண்டு, எடை கூடியவர்களும் முழங்கால் வலியுள்ளவர்களும் அதையே தேர்ந்தெடுக்கலாம். 10 விழுக்காடு ஏற்றத்தில் விறுவிறுப்பாக நடந்தால், புதியவருக்குத் துடிப்பு தானாகவே ஆரஞ்சுக்குச் சென்றுவிடும். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறினால் உடலின் பாரம் கைக்குப் போய்விடும் என்பதால், பிடிக்காமல் நடக்க முடிகிற அளவுக்கு ஏற்றத்தைக் குறையுங்கள். அவசரத்தில் ட்ரெட்மில்லின் ஓட்டத்தை நிறுத்தும் கிளிப்பைச் சட்டையில் மாட்டாமல் தொடங்க வேண்டாம்.

ரோயிங் இயந்திரத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் புதியவர்கள் அதிகம் தடுமாறும் இடம் அதுதான். கைகளால் இழுக்கும் இயந்திரம் என்றே தோன்றினாலும், அதில் பெரும் உழைப்பு கால்களுடையது. பாதத்தின் அகலமான பகுதி மேல் வார் வரும்படி முதலில் இறுக்கிக்கொள்ளுங்கள்; வார் விரல்நுனியில் விழுந்தால் பாதம் நழுவும், கணுக்காலருகே விழுந்தால் குதிகால் எழும்ப இடமிருக்காது. பிறகு வரிசை: கால்களால் தள்ளுங்கள், கால் ஏறத்தாழ நீண்டபின் இடுப்பிலிருந்து உடலைச் சற்றுப் பின்னே சாயுங்கள், கடைசியில் கைப்பிடியை விலா எலும்புகளின் கீழ் விளிம்புக்கு இழுங்கள். திரும்பும்போது இதே வரிசை தலைகீழாக, கை, உடல், கால் என்று வரும். கைகள் முழங்காலைக் கடந்த பிறகே முழங்கால் மடங்க வேண்டும். கைப்பிடி முழங்காலைச் சுற்றி வளைந்து போகிறதென்றால் வரிசை மாறிவிட்டது என்று பொருள். தண்ணீர்த் தொட்டி கொண்ட இயந்திரத்தில் எவ்வளவு வலுவாகத் தள்ளுகிறீர்களோ அவ்வளவு எதிர்ப்புக் கிடைக்கும், ஆகவே நிமிடத்துக்கு 22 முதல் 28 இழுப்புகளுக்குள் நின்று ஒவ்வொன்றையும் வலுவாக்குவதே நல்லது.

தரைப் பயிற்சியில், நீங்கள் தூக்க முடியும் என்று நினைப்பதைவிட ஒரு படி குறைந்த டம்பெல்லை எடுங்கள். கடைசி இரண்டு முறையும் முதல் முறை போலவே முதுகு நேராக இருந்தால் அந்த எடை சரி.

இவ்வகை வகுப்புகளைப் பற்றிய விளம்பரங்களில் இரண்டு செய்திகள் மிகைப்படுத்தப்படுகின்றன. வகுப்பு முடிந்தபிறகும் உடல் கலோரியை எரித்துக்கொண்டே இருக்கும் என்பது உண்மையே, ஆனால் வகுப்பில் எரிந்ததோடு ஒப்பிட்டால் அது ஒரு சிறு பங்குதான். மற்றொன்று, நான்கு நிமிடப் பயிற்சியே போதும் என்னும் பேச்சு. இஸுமி தபாட்டாவும் உடன் ஆய்வாளர்களும் ஜப்பானில் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், 20 விநாடி உழைப்பும் 10 விநாடி ஓய்வுமாக 7, 8 சுற்றுகளைச் சைக்கிள் இயந்திரத்தில் செய்தவர்கள் ஏற்கெனவே நல்ல உடற்பயிற்சி உடைய இளைஞர்கள். கடைசிச் சுற்றில் காலே நகராத அளவுக்கு அவர்கள் உழைத்தனர். ‘தபாட்டா’ என்ற பெயரில் வகுப்பில் நாம் செய்வது பயனுள்ளதுதான் என்றாலும், அதற்கு நிகரானதாகாது.

அடுத்த ஒன்று முதல் மூன்று நாட்கள் தசைவலி இருப்பது இயல்பு. ஆனால் கை கால்கள் வீங்கி, வலி பொறுக்க முடியாததாகி, சிறுநீர் கோலா நிறத்தில் வந்தால், சிதைந்த தசையின் புரதம் சிறுநீரகத்தைத் தாக்கத் தொடங்கியிருக்கலாம். அன்றே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லுங்கள். பழக்கமில்லாதவர்கள் முதல் வகுப்பிலேயே எல்லை மீறி உழைத்ததால் இந்நிலைக்கு ஆளானது மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. வகுப்பின் நடுவே நெஞ்சில் அழுத்தமோ, தலைசுற்றலோ, கண் இருட்டுவதோ நேர்ந்தால் உடனே நிறுத்திப் பயிற்றுநரை அழைக்க வேண்டும்; மற்றவர்கள் பார்ப்பார்களே என்று தயங்கக் கூடாது.

முதல் மாதம் வாரத்துக்கு இரண்டு வகுப்புகள், இடையில் இரண்டு நாள் இடைவெளி என்று வைத்துக்கொள்ளுங்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2020-இல் பெரியவர்களுக்குப் பரிந்துரைத்தது வாரத்துக்கு 75 முதல் 150 நிமிடத் தீவிரப் பயிற்சி. எனவே இந்த இரண்டு வகுப்புகளோடு மற்ற நாட்களில் நடையும் சேர்ந்தால் குறைவில்லை. மாதச் சந்தா எடுப்பதற்கு முன், முதல் வகுப்பு இலவசமா என்றும், கடைசி நேரத்தில் முன்பதிவை இரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்றும், உறுப்பினர் நிலையிலிருந்து விலக எத்தனை நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்றும் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். முடிந்தால் வெவ்வேறு பயிற்றுநர்களின் வகுப்புகளுக்குச் சென்று பார்த்து, உங்கள் முதுகையும் முழங்காலையும் கவனித்துத் திருத்துபவர் யார் என்று தெரிந்தபிறகு, அவருடைய நேரத்துக்கு ஏற்றபடி சந்தாவை எடுங்கள்.